அப்பாவுக்கு என்றார்கள்

லான்சோ நகரில், மஞ்சளாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி,
நான் பொட்டலம் கட்டுகிற மருந்துக்கடை.
இருநூற்று நாற்பது இழுப்பறை. கண்ணை மூடிக்கொண்டும் திறப்பேன்.

சீட்டை நீட்டும் ஆண்கள் என் முகம் பார்ப்பதில்லை.
"அப்பாவுக்கு" என்பார்கள்.
"கூட வேலை செய்கிறவனுக்கு."
ஒருவன், போன டிசம்பரில், "எங்கள் குதிரைக்கு" என்றான்.
நானும் குதிரையின் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மான்கொம்புச் சீவல் என்றிருந்தால்
அடுப்பு அணைந்துவிட்டதென்று டாக்டர் மியாவ் நினைக்கிறார்.
சைஹு வேர் என்றிருந்தால் அடுப்பில் பழுதில்லை,
சொல்லாத ஏதோ ஒரு சொல்
ஈரலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.
சிறுநீரகம் தண்ணீரின் வீடாம்; பயம் குடியிருப்பதும் அங்கேதானாம்.
பயந்தவனுக்கு முதலில் முழங்கால் போகும்,
அப்புறம் அது, என்பார்.
"அது" என்றுதான் சொல்வார்.
நாற்பது வருஷ வைத்தியம், இன்னும் வெட்கம்.

ஹௌ தியேசெங் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன்.
முதல் வாரம் கொம்பு. அப்பாவுக்கு.
அடுத்த வாரம் கொம்பை அடித்துவிட்டு
சைஹு, வெண்பியோனி வேர். அப்பாவுக்கு.
அதற்கடுத்து காட்டிலந்தைக் கொட்டை.
ஆக, தூக்கமும் இல்லை.
முன்பின் தெரியாத ஒருவனின் இரவுகளை
கிராம் கணக்கில் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் முறை சீட்டில் வேரே இல்லை.
"நாக்கைப் பார்த்தேன், மூன்று விரலால் நாடியும் பார்த்தேன்.
என் கைக்கு எட்டியது இவ்வளவே.
இரும்புப் பாலம் தாண்டி பெரிய ஆஸ்பத்திரியில்
சர்க்கரை பார்க்கவும்."
அவன் அந்தத் தாளையும் என்னிடமே நீட்டி
"இது எந்த இழுப்பறை?" என்றான்.

மறுபடி வந்தபோது ஆற்றோரம் பனி கட்டியிருந்தது.
உடன் ஒரு பெண், கையில் சோயாப்பால் டம்ளர்,
அவனுக்கென்று மூடியைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தாள்.
இரண்டு சீட்டு இப்போது: ஆஸ்பத்திரியுடையது ஒன்று, மியாவ் எழுதியது ஒன்று.
"யாருக்கு?"
பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.
பதில் சொல்ல அவள் நிமிர்ந்தாள்.
அதற்குள் அவன்
"எனக்கு."

வரிசையில் யாரோ இருமினார்கள்.
தராசுத் தட்டு ஆடி நிற்க நேரமெடுத்தது,
முதலிலிருந்து மறுபடி நிறுத்தேன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டால்?
என் பொட்டலம் அடுப்புவரைக்கும்தான் போகும்,
அதற்கு மேல் அறைக்குள் அதற்கு வேலையில்லை.
அன்றைக்கு அவன் கை நடுங்கியது மட்டும் தெரியும்.
முடிச்சைத் தளர்வாகவே போட்டேன்,
பல்லால் இழுக்க வேண்டாமே.