இயக்கக் காரணங்களை முன்னிட்டு

கப்பல் கவிழ்ந்தாற்போலக்
கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.
கவிழவில்லை.
கிளம்பவே போவதில்லையாம்.

இயக்கக் காரணங்களை முன்னிட்டு என்று
ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்
பன்னிரண்டு இரவுகளை:
நார்வேயின் ஒடுங்கிய கடல்வழிகள்,
பாறையிலிருந்து நேரே கடலில் விழும் அருவிகள்,
ஏழாம் தளத்தில் பால்கனி வைத்த அறை.
கடிதத்தின் தலையில்
அன்புள்ள ஹைன்கே, ஒன்னோ என்று
எங்கள் பெயர்கள் அருகருகே.

பிரேமர்ஹாஃபனில் யாரும் எங்களைச் சேர்த்தெழுதி
ஒன்றரை வருடமாகிறது.
வாசல் மணியிலிருந்து அவன் பெயரை
நானேதான் சுரண்டி எடுத்தேன்,
வெண்ணெய்க் கத்தியால்.

பதிவு செய்தபோது ஒரே வீட்டில் இருந்தோம்.
பிரிந்தபோது எல்லாவற்றையும் பிரித்தோம்.
கார் அவனுக்கு, பூனை எனக்கு.
கெட்டிலுக்குக்கூட ஒரு சண்டை போட்டோம், தோற்றேன்.
கப்பலைப் பற்றி மட்டும்
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ரத்து செய்பவருக்கு முன்பணம் போகும்.
அவனே செய்யட்டும் என்று நான் இருந்தேன்.
மீதித் தவணையையும் கட்டினேன், வீம்புக்கு.
அவனும் கட்டியிருந்தான்.

நான் கிரேன் ஓட்டுகிறவள்.
ஐம்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரை போட்ட கூண்டில்
இரண்டு பாதங்களுக்கு நடுவே கப்பல்களைப் பார்த்தபடி
இருபத்திரண்டு வருடம் ஏற்றி இறக்கியிருக்கிறேன்.
ஒன்றில்கூட ஏறியதில்லை.
ஷிஃப்ட் மாறும்போது யாவுஸ் சொன்னான்:
கல்யாணச் சமையல்காரி
என்றைக்குப் பந்தியில் உட்கார்ந்தாள்?

தொலைபேசியில் நாற்பத்தொரு நிமிடம் பியானோ.
பிறகு ஓர் இளங்குரல்.
முழுப் பணமும் பதிவு செய்த அட்டைக்கே திரும்பும்.
அல்லது கால் பங்கு கூடுதலாக, அடுத்த பயணத்துக்கு வரவு.
ஆனால் இருவரும் சேர்ந்து வந்தால்தான், மேடம்.
யாருடைய அட்டை என்று கேட்டேன்.
தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான்.
"கடிதம் பார்த்தாயா?"
"பார்த்தேன்."
அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து அணைந்தது.
அந்த 'டக்' எனக்குத் தெரியும்.
"நீ ரத்து செய்வாய் என்று நினைத்தேன்" என்றான்.
"நீ செய்வாய் என்று நான்."
"போயிருப்பாயா?"

கட்டிலுக்கடியில் சூட்கேஸ் இருந்தது.
அதில் காற்றுப் புகாத கருநீலக் கோட்டு,
போன வாரம் வாங்கியது.
"தெரியவில்லை" என்றேன்.
பாதி பொய். எந்தப் பாதி என்று
இன்னும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை என் பங்கு வந்து சேர்ந்தது,
ஒரு சென்ட் பிசகாமல்.
குறிப்பு எழுதும் கட்டத்தில்
பால்கனி
என்று மட்டும் எழுதியிருந்தான்.
நூற்று நாற்பது எழுத்து எழுதலாம் அங்கே.
எண்ணிப் பார்த்தேன்.

புறப்பட வேண்டிய நாளில்
விடுப்பு மட்டும் ரத்தாகவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு
வேசர் ஆற்றைக் கடக்கும் படகில் ஏறினேன்.
அக்கரை பிளெக்ஸனுக்கு இருபது நிமிடம்.
சைக்கிள்காரர்கள், ஒரு பால் லாரி,
தூங்கும் குழந்தையோடு ஓர் அப்பா.
நடு ஆற்றில் கடல் காற்று
உப்போடு முகத்தில் அறைந்தது.

தூரத்தில் கிரேன்கள் வரிசையாய்க்
கழுத்தை நீட்டியிருந்தன.
நான்காவதற்குள் யாவுஸ் இருப்பான்.
கையசைத்தேன்.
அங்கிருந்து பார்த்தால் இந்தப் படகு
ஒரு சோப்புக்கட்டி அளவு.
அதில் யாரும் கையசைத்தால் தெரியாது.
தெரிந்துமே அசைத்தேன்.

பிளெக்ஸனில் எல்லோரும் இறங்கினார்கள்.
நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.
சீட்டு கிழிப்பவர் வந்தார்,
என் மணிக்கட்டைப் பார்த்தார்.
கோட்டின் கைக்குள்ளிருந்து
விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.
"நறுக்கிவிடட்டுமா?" என்றார்,
கத்தரியைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டு.

"வேண்டாம்" என்றேன்.
"திருப்பிக் கொடுக்க
இன்னும் மூன்று நாள் இருக்கிறது."