கோணல் வாய்

ருமோங்கே கரைக்கு அப்பால் விளக்குப் படகுகள்
வெளிச்சத்தைக் காட்டி
ண்டகலா மீன்களை ஏமாற்றிக்கொண்டிருக்கும் நேரம்.
தகரக் கூரை ஆய்வகத்தில் நானும் ஜெனரோஸும்
ஒரு வாய் திறப்பதற்காகக் காத்திருக்கிறோம்.

ஜெனரேட்டர் இருமுகிறது.
தொட்டியில் ஒரு சிக்லிட். அதன் எதிரே ஒரு கூனிறால்.
திறந்தது, மூடியது.
நான் கண்சிமிட்டியிருந்தேன்.

கேமரா சிமிட்டவில்லை.
நொடியை ஆயிரமாக நறுக்கித் திரையில் பரப்புகிறாள் ஜெனரோஸ்,
மணலில் கருவாடு பரப்புவது போல.

பதினோராம் துண்டில் மேலுதடு முன்னே நீள்கிறது.
பதினாறில் நாக்கடி எலும்பு இறங்க, கன்னங்கள் விலக,
அதுவரை இல்லாத ஓர் அறை உள்ளே.
காலி அறையைக் கண்டால் நீருக்குப் பொறுக்காது,
முட்டிமோதி நுழைகிறது.
இறால் அந்த நீரில் இருந்தது, அவ்வளவுதான்.
கடித்தவர் யாருமில்லை.
அது நின்ற இடமே உள்ளே போய்விட்டது.

பின்வாசல் போலச் செவுள்மூடி
கடைசியில்தான் திறக்கிறது.
மூச்சு விடுவதற்கென்றே வளைந்த எலும்புகளில் ஒரு ஜோடி
எப்போதோ முன்னே வந்து
தாடையாக மடங்கியது என்று ஒரு கட்சி உண்டு.
உண்மையோ என்னவோ.
எங்கள் வீட்டில் யாராவது பெருமூச்சு விட்டால்
பசி என்றுதான் அர்த்தம்.

தொண்டைக்குள் இன்னொரு தாடை இருக்கிறது.
அரைக்கும் வேலையை அது எடுத்துக்கொண்டதும்
முன்தாடைக்குக் கை ஒழிந்தது:
பாறையில் பாசி சுரண்டும் அரமாகிப் பார்த்தது,
நத்தை உடைக்கும் பாக்குவெட்டியாகிப் பார்த்தது.
ஒன்று மட்டும் திருடப் போனது.

அதைத்தான் காலையில்
நிம்போனா வலைப்பையில் கொண்டுவருகிறார்.
செதில்தின்னி.
பின்னால் பதுங்கி வந்து, விலாவில் ஒரு கடி,
ஒரு முறுக்கு, ஓட்டம்.
வயிற்றைக் கீறினால்
சீட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும், பிறர் தோலின் மினுக்கம்.

வாய் கோணல்.
இடப்பக்கம் கோணியது இரையின் வல விலாவைத் தின்னும்,
வலப்பக்கம் கோணியது இட விலாவை.
இடவாய்கள் பெருத்தால்
இரைகள் வலப்பக்கமே பார்த்து நடுங்கும்;
அந்த வருடம் வலவாய்களுக்கு விருந்து.
விருந்துண்டவை பெருகும், அச்சம் பக்கம் மாறும்.
எண்ணிக்கையில் குறைந்தவைதான் எப்போதும் கொழுக்கின்றன.

இதைச் சொன்னபோது நிம்போனா
ஈர உடுப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார்:
"மீன்களிலாவது."

அவர் எல்லாம் செய்வார்.
நாற்பதடி ஆழம், இரவு, முதலை,
ஒன்றுக்கும் முகம் சுளித்ததில்லை.
என் மேசையிலிருக்கும் அளவுக்கவையை மட்டும்
தொடமாட்டார்.
ஒருமுறை கேட்டேன்.
இதே மாதிரி ஓர் இரும்பால்
வெள்ளைக்காரன் ஒருவன் அவர் அப்பாவின் மூக்கை அளந்து
நோட்டில் எழுதிக்கொண்டானாம்.
நாற்பது வருடம் கழித்து, சாலைத் தடையில்,
நோட்டு யாருக்கும் தேவைப்படவில்லை.
மூக்கே போதுமாயிருந்தது.

அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
நான் அன்று முப்பத்தேழு தாடைகள் அளந்தேன்.
இட, வல, இட, இட.
பேனா வேலை செய்தது.
கவையின் இரண்டு பற்களும்
ஒவ்வொரு மீனின் முகத்திலும் எவ்வளவு மெதுவாக மூடுகின்றன
என்பதை அன்றுதான் கவனித்தேன்.

"நேர்வாய் ஒன்றுகூட இல்லையா?" என்றார் மாலையில்,
அவரைக்காய் வேகும் பாத்திரத்தைக் கிளறியபடி.
இருக்கிறது, குஞ்சுகளில்.
விரல்நுனியளவு இருக்கும்போது
எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது,
பூதக்கண்ணாடி வைத்தாலும்.
தின்னத் தின்னச் சாய்கிறது.

அவர் தலையாட்டினார்.
ஒரு தட்டில் எனக்கும் போட்டார்.
ஏரியில் முதல் விளக்கு ஏறியது.
பதிவேட்டில் நாளைக்கென்று
இரண்டு பத்திகள் கோடிட்டு வைத்திருந்தாள் ஜெனரோஸ்.
சூடான கரண்டியை ஊதிக்கொண்டு
அதைப் பார்த்தபடியே
நாங்கள் மூவரும் வாயைத் திறந்தோம்.