மாங்குளம் வழியாக

லண்டனிலிருந்து பேர்த்துக்கு
பதினாலாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர்.
நிற்காமல் பறந்தால் பதினேழு மணித்தியாலம்.
கைபேசியில் தட்டிச் சொன்னவன் நிக்சன்,
முல்லைத்தீவு பஸ்ஸின் கொண்டக்டர்.
பஸ் வெளிக்கிட இன்னும் ஆறு நிமிசம் இருந்தது.

"அக்கா, இங்க பாருங்கோ,
உருண்டையில நூல் பிடிச்சால்
கோடு எங்கட தலைக்கு மேலால போகுது."

தலைக்கு மேலால் இல்லை,
மன்னார்க் கடலுக்கு மேலால்.
என்றாலும் அவ்வளவு தூரத்தில்
அது ஒரு பிசகே இல்லை.

நான் நேரக் காப்பாளர்.
மாங்குளம் சந்தியில்
வந்ததையும் போனதையும் நீலப் பேனையால் எழுதுகிறவள்.
முல்லைத்தீவுக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம்,
ஒட்டுசுட்டானில் தேத்தண்ணி குடித்தால் இரண்டு.
அதே றோட்டால் ஒருமுறை
ஐப்பசியில் வெளிக்கிட்டு
வைகாசியில் கடலைக் கண்டோம்.
அதை எழுத இந்தக் கொப்பியில் நிரல் இல்லை.

லண்டனில் வனஜா.
பேர்த்தில் கேதீஸ்.
பனிக்கன்குளத்து இரண்டு ஏக்கரை
விற்போம் என்றாள் தங்கச்சி.
"வித்தால் உன்ர முகத்தில முழிக்கமாட்டன்" என்றான் அண்ணன்.
விற்கவும் இல்லை, முழிக்கவும் இல்லை.
ஏழு வருசம்.
காணிக்குள் இப்போது யானைகள் வந்து போகின்றன.

அவன் எழும்புகிற நேரம் அவள் படுக்கிற நேரம்.
நடுவில் எனக்குச் சாமம் மூன்றரை.
இரண்டு பேரும் என்னைத்தான் எழுப்புவார்கள்.

கேதீஸ் கேட்பான்: "அங்க சரியான குளிராமோ?"
மாங்குளத்தில் எங்கே குளிர்.
வனஜா கேட்பாள்: "அங்க காடு பத்துதாமே?"
முறிகண்டிப் பக்கம் ஒரு புகையும் இல்லை.
அந்த 'அங்க'வுக்குள்
எத்தனை கிலோமீற்றர் என்று எனக்குத் தெரியும்.
ஓம், குளிர்தான் என்பேன்.
இல்லை, நெருப்பு தூரத்தில என்பேன்.
ஆள் ஏறாமல்
பார்சலை மட்டும் பஸ்ஸில் ஏற்றிவிடுவதுபோல.

போன மாதம் வனஜாவுக்கு ஒப்பரேசன்.
சொன்னேன்.
கேதீஸ் ஒன்றும் பேசவில்லை,
அவன் வீட்டுக் குழாயில் தண்ணி ஓடியது, கேட்டது.

நேற்றுச் சொன்னான்:
"இங்கயிருந்து லண்டனுக்கு
நேர ஒரு பிளேன் ஓடுதாம். இடையில நிக்காதாம்."
பிறகு நெல்லு என்ன விலை என்று கேட்டான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் சும்மாதான் என்றுவிடுவான்,
அது பிறகு சும்மாவாகவே போய்விடும்.

இன்றைக்குக் கடைசி பஸ்ஸும் போனபின்
சந்தியில் நாய்கள், நான், ஒரு பல்ப்.
தென்கிழக்கிலிருந்து வடமேற்காய்
ஒரு சின்ன வெளிச்சம் மேலே ஊர்ந்தது.
அதுதான் என்று யார் சொன்னது?
சிங்கப்பூரிலிருந்து எங்கேயோ போவதாயும் இருக்கலாம்.

கொப்பியை விரித்தேன்.
கடைசி வரிக்குக் கீழே
பேர்த் – லண்டன், மாங்குளம் வழியாக,
இரவு எட்டு நாற்பது.
தாமதம் என்ற இடத்தில்
ஏழு வருசம் என்று போட்டேன்,
டிப்போவில் கேட்பார்களே என்று வெட்டினேன்.

வெட்டினால்
பக்கத்தில் கையொப்பம் வைக்கவேண்டும்.
வைத்தேன்.