கூண்டு ஏறாத நாள்கள்

பாம்பன் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால்
ஏன் கடலுக்குப் போகவில்லை என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை.
படகு கிடக்கும், வலை கிடக்கும்,
வட்டிக்காரன்கூட இரண்டு நாள் பொறுப்பான்.

செலஸ்தினாவுக்கு எந்தக் கூண்டும் ஏறவில்லை.
பதினோரு நாள் நண்டுக் கம்பெனிக்கு வரவில்லை.
புருஷன் இருக்கிறான், அடிப்பதில்லை.
பிள்ளைகள் இரண்டும் தங்கச்சிமடத்தில் படிக்கின்றன.
கடன் உண்டு, எங்களுக்கு இருக்கிற அளவுக்குத்தான்.
பிறகென்ன என்றார்கள்.
நானும்தான் கேட்டேன்,
ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு
அவள் வாசலில் நின்று.

"தெரியலக்கா.
காலைல எந்திரிச்சா
கை என் கையா இல்ல."

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்க என்றேன்.
ஏர்வாடியில் ஆறு மாதம் கிடந்து தேறிய ஒருத்தியின் கதை சொன்னேன்.
அவளைவிடக் கஷ்டப்பட்டவர்களை ஒவ்வொருத்தராகச் சொன்னேன்.
சொல்லச் சொல்ல
அவள் சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாள்.
ரயில் கேட்டில் காத்து நின்றபோதுதான் உறைத்தது:
நான் பேசியதெல்லாம் என் பயத்துக்கு.

பன்னிரண்டாம் நாள் வந்தாள்.
தொப்பி மாட்டி, கையுறை போட்டு
எனக்கும் ஜொகராவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.
அவித்த ஓலைக்கால் நண்டு மேசையில் குவிந்தது.
நாங்கள் நாலு நண்டு உடைத்து முடித்தோம்.
அவள் முதல் நண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு எடை.
ஜொகரா ஒன்றும் பேசவில்லை.
தன் தட்டிலிருந்து ஒரு பிடி வெள்ளைச் சதையை வழித்து
இவள் தட்டில் போட்டாள்,
சிந்திய சோற்றை ஒதுக்குகிற மாதிரி.
நானும் ஒரு பிடி.
எதிர்வரிசை மரிய ரோசாளுக்கும் எனக்கும்
குழாயடிச் சண்டையில் ஏழு மாதமாகப் பேச்சில்லை.
அவள் கை நீண்டது.
என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.
வாங்கி வைத்தேன்.

சூப்பர்வைசர் பெர்க்மான்ஸ் நோட்டோடு வந்தான்.
எண்ணூற்றுப் பத்து கிராம்.
அவள் காலடியில் ஓடே விழவில்லை,
பார்த்தான்.
எழுதிக்கொண்டு நகர்ந்தான்.

அழுதாளா என்று கேட்காதீர்கள்.
நாங்கள் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கச்சான் போய் வாடை வந்துவிட்டது.
இப்போது அவள் கை ஓடுகிறது,
சில நாள் எங்களைவிட வேகமாக.
சில நாள் வருவதே இல்லை.
அன்றைக்கு அவள் ஸ்டூலை
யாரும் இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை.
புதுப்பெண் யாராவது விசாரித்தால்
ஜொகரா நிமிராமல் சொல்வாள்,
"இன்னைக்குக் கூண்டு ஏத்தியிருக்கு."

எத்தனாம் நம்பர் என்று
நாங்கள் கேட்பதில்லை.