மூன்று துறைமுகத்துச் சைக்கிள்

முதல் தடவை கேட்டபோது பினாங்கு என்றார்.
அடுத்த சனிக்கிழமை அதே சைக்கிள்
ரங்கூனில் கப்பலேறியிருந்தது.
மூன்றாம் தடவை சைகோன்.
விலையும் ஒரு துறைமுகம் கூடியிருந்தது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில்
எனாமல் தூக்குச்சட்டிகளுக்கு மேலே
இரும்புக் கொக்கியில் தொங்கியது.
கிடாக்கொம்பாய் வளைந்த கைப்பிடி.
சாய்ந்த குழாயில் காதுகள் போல
இரண்டு கியர் நெம்பு.
கருப்பு என்று நினைத்தேன்,
எச்சில் தொட்டுத் துடைத்தால் பச்சை.
பெயர்த்தகடு இருந்த நெற்றியில்
திருகுத் துளை இரண்டு மட்டும்.

"கானாடுகாத்தான் ஓட்டல்ல கேட்டுருக்காக,
செவத்துல மாட்ட" என்றார் நெய்னார் முகமது.
"நான் ஓட்ட" என்றேன்.
அப்போதுதான் எனக்கு டீ சொன்னார்.

எனக்கு எலும்பு பார்க்கிற வேலை.
செக்காலை ரோட்டு ஸ்கேன் சென்டரில்
காலை எட்டு மணியிலிருந்து
மூச்சை அடக்கச் சொல்வேன், விடச் சொல்வேன்.
விரிசல் எங்கே ஒளியும் என்று தெரியும்.
குழாயும் குழாயும் சேருமிடத்தில்
வேல்முனையாய்ச் சீவிய எஃகு உறைமேல்
நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை.
மேல்குழாயில் ஒரு நசுங்கல்,
என் கட்டைவிரலுக்கு அளவெடுத்தது போல.
அதற்கு முந்நூறு கழித்தார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை.
ஞாயிறு மதியம், டாக்டர் இல்லாத நேரம்,
முன்கவையைக் கழற்றி மேசையில் படுக்க வைத்து
பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கச் சொன்னேன்.
படத்தில் வெறும் வெள்ளை.
எஃகு தன் உள்விவகாரத்தை
யாரிடமும் சொல்வதாயில்லை.
வாட்ச்மேன் சேவுகன் எட்டிப் பார்த்து
"யாருக்கும்மா அடி?" என்றார்.

இருக்கைத் தண்டு துருவில் இறுகிக் கிடந்தது.
மண்ணெண்ணெய் விட்டேன், தேங்காயெண்ணெய் விட்டேன்,
கெட்ட வார்த்தையும் விட்டேன்.
நான்காம் நாள் இரவு பதினொன்றுக்கு
வீறிட்டுக்கொண்டு திரும்பியது.
மாடி வீட்டில் விளக்குப் போட்டார்கள்.
டயர் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது,
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்,
முருங்கைக்காய்க் கட்டோடு.

விடியற்காலை ஐந்தரை.
ஏறி உட்கார்ந்தால் முதுகு தரையைப் பார்க்கிறது,
தார்ரோடு மூக்குக்குக் கீழே ஓடுகிறது.
நெம்பில் எண் இல்லை, 'டக்' என்ற சத்தமும் இல்லை.
கியரைக் காதால்தான் தேடவேண்டும்.
இரண்டு பல்லுக்கு நடுவே சங்கிலி உளறும்,
மயிரிழை தள்ளினால் வாய் மூடும்.
அந்த மௌனத்தில்
மிதிக்கிறேனா, யாராவது தள்ளுகிறார்களா
என்று திரும்பிப் பார்த்தேன்.

கோட்டையூர் தாண்டியதும் காற்றில் தைலமர வாசம்.
ஒட்டுப்போட்ட ரோடு
உள்ளங்கையில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது,
கத்தாமல்.
காரில் நூறு தடவை போன வழிதான்.
இதற்கு இவ்வளவு ஏற்ற இறக்கம் உண்டென்று
எந்தக் காரும் எனக்குச் சொன்னதில்லை.

பள்ளத்தூருக்கு முன்னால் கண்மாய்க்கரை ஏற்றம்.
தப்பான நெம்பை இழுத்தேன், சங்கிலி விழுந்தது.
அரசாங்க சைக்கிளில்,
கேரியரில் புத்தகப்பை, கைப்பிடியில் சாப்பாட்டுக்கூடை,
டியூசன் போகும் பிள்ளை ஒருத்தி
எழுந்து நின்று மிதித்து என்னைத் தாண்டினாள்.
"அக்கா, செயின் கழண்டுருச்சு!"
அவ்வளவுதான். நிற்கவில்லை.
அவள் வண்டிக்கு ஒரே கியர்,
அதில் சந்தேகமே இல்லை.

கானாடுகாத்தான் டீக்கடையில்
கிரீஸ் கையோடு கிளாஸைப் பிடித்திருந்தேன்.
ஓட்டல் சீருடையில் ஒருவர்
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.
நெற்றியின் இரண்டு துளையைத் தடவினார்,
நசுங்கலில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.
பொருந்தவில்லை.
"எந்த ஊர் வண்டிங்க?"

ஒரு வாய் டீ குடித்தேன்.
"கொழும்பு" என்றேன், கூசாமல்.