இரண்டாவது லீவுக் கடிதம்

போன மாரிக்கு எழுதின கடிதத்தில
காரணம் எண்ட இடத்தில
செல் துண்டு அகற்றல் எண்டு போட்டனான்.
பகீரதண்ணை முழுக்க வாசிக்கவுமில்லை,
ஆறு கிழமை தந்தார்.
எந்தப் பக்கம் எண்டுகூடக் கேக்கேல்லை.
அவற்ற முதுகில இப்பவும் ரெண்டு கிடக்கு,
மழைக்குளிருக்கு அது கதைக்குமாம்.

எனக்கு ஒண்டும் பட்டதில்லை.
பங்கருக்குள்ள இருந்து முழுசா ஏறி வந்த பிள்ளை நான்.

அம்பகாமத்துக் காட்டில
எட்டு வருசம் முழங்காலில நிண்டு
மண்ணைச் சுரண்டிச் சேர்த்த காசு அது.
நெஞ்சுக் கவசம் எல்லாருக்கும் ஒரே அளவு.
கழட்டினால் றஜிதாவுக்கு ஒரு வடிவு இருக்கும்,
எனக்குப் பலகை.
ஆருக்குக் காட்டவும் இல்லை.
வவுனியாக் கடையில, கண்ணாடிக்கு முன்னால
ஒரு சட்டையைப் போட்டு
ஒருக்கால் திரும்பிப் பாக்க.
இதை எந்தப் படிவத்தில எழுதுறது?

கொழும்பில ரெண்டு வச்சவை.
வலது இறங்கி, இருந்து, என்னோட சேந்திட்டுது.
இடது மேலயே நிண்டிட்டுது.
ஐஞ்சாம் மாசம் இறுகத் தொடங்கி
இப்ப சரிஞ்சு படுத்தால்
விளாங்காய்க்கு மேல படுத்த மாதிரி.

டொக்டர் விரலால அமத்திப் பாத்தா.
உடம்பு வெளிச்சாமானைச் சுத்தி வேலி போடுமாம்,
சில பேருக்கு அந்த வேலி நெரிக்குமாம்.
உடனே வெட்டித் திருத்தேலாது தங்கச்சி,
வீக்கம் வத்தோணும், தழும்பு இளகோணும்,
ஒரு வருசம் போகட்டும்.
காய்ச்சல் காய்ஞ்சால், சிவந்தால், திடீரெண்டு வீங்கினால்
அண்டைக்கே பஸ் ஏறும்.
மற்றும்படி பொறும்.

வேலியை வெட்டிப்போட்டு வேற ஒண்டு வைக்கலாமாம்.
ரெண்டையும் சின்னனா மாத்தலாமாம்.
ரெண்டையும் எடுத்துத் தோலைத் தூக்கித் தைக்கலாமாம்.
வயித்துக் கொழுப்பால நிரப்பலாமாம்,
அதுக்கு உம்மட்டக் கொழுப்பு வேணுமே எண்டு சிரிச்சா.
ஒண்டும் செய்யாமல் விடவும் செய்யலாம்.
புதுசு வச்சாலும் இறுகாதெண்டு
சத்தியம் பண்ணமாட்டன் எண்டவ
காசுக் கணக்கை மட்டும்
துண்டின்ர பின்பக்கத்தில எழுதித் தந்தா.

பொறுக்க எனக்குத் தெரியும்.
கருவி கத்தின இடத்தில கை வைக்கிறேல்லை.
தள்ளியிருந்து தொடங்கி
பக்கவாட்டில, ஒரு விரல் ஒரு விரலா
மண்ணை வழிச்சுக்கொண்டு போறது.
பத்து மாசமா என்ர நெஞ்சிலும் அதுதான்.

வேலைக்குத் திரும்பின அண்டு
தேத்தண்ணி நேரம், கொட்டிலுக்குள்ள
பகீரதண்ணை கருவியை முதுகில வைக்கச் சொன்னார்.
கீங் எண்டுது. எல்லாரும் சிரிச்சம்.
பிறகு என்ர பக்கம் பிடிச்சார்.
சத்தமே இல்லை.
பாத்தியே, மிச்சம் விடாமல் எடுத்திட்டாங்கள் எண்டு
அவ்வளவு சந்தோசம் அந்த மனிசனுக்கு.
எடுத்ததைத் தந்தவங்களோ?
இல்லையண்ணை, எறிஞ்சிட்டாங்கள்.
கேட்டு வாங்கியிருக்கோணும் பிள்ளை,
என்ரதை எடுத்தால் நான் போத்தலுக்க போட்டு வைப்பன்.

கார்த்திகையோட வருசம் முடியுது.
மழை இறங்கினால் காட்டில வேலை நிக்கும்,
கத்திக்கும் அதுதான் நேரம்.
வலதை விட மனமில்லை.
இடதுக்கு என்ன செய்யிறதெண்டு
ரெண்டு மனம் மூண்டு மனமாக் கிடக்கு.
லீவுக் கடிதம் மட்டும் எழுத வருகுதில்லை.
ரெண்டாந்தரம் எந்தச் செல்லைச் சொல்லுறது?
விழுந்த செல் ஒவ்வொண்டுக்கும்
இந்த மண்ணில ஆள் இருக்கு.

டொக்டரிட்ட ஒண்டு கேட்டு வச்சிருக்கிறன்.
இடதை எடுக்கேக்க எறியவேண்டாம்.
கழுவித் தாறன் எண்டவ.
வாயகலமான ஊறுகாய்ப் போத்தல் ஒண்டு
சாம்பல் போட்டு விளக்கிக்
கவுட்டு வச்சிருக்கிறன்.
கொண்டுபோய்ப் பகீரதண்ணையின்ர மேசையில வைக்கோணும்.
கட்டாயம் கருவியைப் பிடிச்சுப் பாப்பார்.
அது கத்தாது.
பிறகு நான்தான் கதைக்கோணும்.