நீர் மட்டும்

நடுப்பகலில் கொச்சிக் கன்று தலை தொங்கினால்
தண்ணி காணாது என்றுதான் நினைப்போம்.
பூவலில் ரெண்டு வாளி கூட அள்ளினேன்.
மறுகாலும் தொங்கியது.
பிடுங்கிப் பார்த்தேன்:
வேரெல்லாம் முடிச்சு முடிச்சாய்,
யாரோ மண்ணுக்குள் இருந்து
நேர்த்தி வைத்துக் கட்டிய மாதிரி.

களுதாவளை மணல் அதற்குப் பிடிக்குமாம்.
வந்தாறுமூலைக் கம்பசிலிருந்து வந்த டிலுக்சனா
நெமற்றோட் என்றாள். கண்ணுக்குத் தெரியாத புழு.
"ஒரு பிடி மண்ணுக்குள்ள
நூற்றுக்கணக்கில கிடக்கும் அன்ரி."
கையிலிருந்த மண்ணை
மெதுவாய்க் கீழே வைத்தேன்.

வேப்பங்கொட்டை இடித்து, இரவு ஊறவிட்டு
அவருடைய பழைய சாரத்தில் வடித்தோம்.
எருக்கலை இலை வேறு பெரலில்.
மூன்றாம் நாள் நாற்றம் எழும்ப
பக்கத்து வளவு நேசதுரை
"ஆடு ஏதும் செத்துக் கிடக்கா?" என்று
வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
ஒரு கிழமை
என் கையால் தின்ற சோறெல்லாம் கசந்தது.

ஒன்பது பாத்தி.
பாத்திக்கு ஒரு தடி, தடியில் ஒரு மட்டை:
வேம்பு. எருக்கலை. நீர் மட்டும்.
வேம்பு. எருக்கலை. நீர் மட்டும்.
நீர் மட்டும் எதற்குப் பிள்ளை?
"ஒப்பிட்டுப் பார்க்க அன்ரி.
ஒண்டும் குடுக்காட்டி என்ன நடக்கும் எண்டு
தெரிய வேணுமே."

அது எனக்குத் தெரியும்.
கடல் வந்து போன வருசம், கூடாரத்தில்,
பதிவில் எங்கட பெயர் விடுபட்ட மூன்று மாதம்.
அரிசி லொறி வரும், போகும்.
எங்களை வைத்து எவரும்
எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.
இதைச் சொல்லவில்லை.
தலையாட்டினேன்.

இருபது நாள் ஒழுங்காய்த்தான் ஊற்றினேன்.
அந்த மூன்று பாத்தியும்
காலை பத்து மணிக்கே சுருண்டன.
அவற்றைத் தாண்டித்தான் பூவலுக்குப் போக வேண்டும்.

இருபத்தோராம் நாள் இரவு
பெரல் அடியில் கிடந்த வேப்பங்கரைசலைக்
கோப்பை கோப்பையாய் மொண்டு போனேன்.
பறுவம். ஒளிய இடமில்லை.
நாய் கூடவே வந்து, மணந்து, தும்மியது.

டிலுக்சனா வேரைக் கழுவினாள், எண்ணினாள்,
கொப்பியில் எழுதினாள்.
திரும்பவும் எண்ணினாள்.
"பழைய முடிச்சு மட்டும் பெரிசாக் கிடக்கு.
புதுசா ஒண்டையும் காணேல்ல.
தண்ணிக்கு இப்பிடி வராதே..."
ஒரு பிடி மண் எடுத்து மூக்கில் வைத்தாள்.
நான் கடற்கரைப் பக்கம் பார்த்தேன்.

கோபிப்பாள் என்றிருந்தேன்.
மூன்று எண்ணையும் பென்சிலால் வெட்டினாள்.
ஆறு மாத வேலையாம்; அவளுடைய ஐயா
மீன் விற்றுப் படிப்பிக்கிறாராம்.
நெடுநேரம் வெட்டிய இடத்தையே பார்த்தாள்.
பிறகு புதுப் பக்கம் புரட்டி,
"எத்தினையாம் நாள் ஊத்தினீங்க?"
இருபத்தொன்று.
"பாத்திக்கு எத்தினை கோப்பை?"

அதைத்தான்
எண்ணவில்லையே பிள்ளை.